வாசற்படியில் சின்சான்: எல்லையோரப் பித்தர் ஒருவரைக் குறித்த கள ஆய்வு

1. ஆய்வின் தேவை

மாங்கூழில் இனிப்பு எவ்வளவு என்று அளக்கக் கருவி இருக்கிறது. காணிப்பாக்கம் பேருந்தில் எத்தனை டிக்கெட் என்று எண்ண நடத்துநர் இருக்கிறார். மீசை வைத்த ஒரு குடும்பஸ்தர், "கரண்ட் பில் கட்டியாச்சா?" என்று மனைவி கேட்டால், பாதித் தூக்கத்தில் எழுந்த ஐந்து வயதுப் பையன் குரலில் இழுத்து இழுத்துப் பதில் சொல்வது ஏன் என்று ஆராயத்தான் யாரும் இல்லை. திருப்பதியில் 1954 முதல் ஒரு பல்கலைக்கழகம் நடக்கிறது. குப்பத்தில் திராவிட மொழிகளுக்கென்றே இன்னொன்று இருக்கிறது. இரண்டிலும் இதற்கொரு துறை தொடங்கும் அறிகுறி தென்படாததால் இப்பணி என் தலையில் விழுந்தது.

ஆய்வுப் பொருள் என் சித்தி மகன். பெயர் வேண்டாம், இனி 'பித்தர்' என்றே குறிக்கப்படுவார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சித்தூர்ப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறார். மனைவி திருப்பதிக்காரர். ஒரே மகள். பித்துக்குக் காரணம் சின்சான் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பையன்.

ஆய்வுக் காலம்: மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு காதுகுத்து, ஒரு திருமலைப் பயணம், ஒரு பிறந்தநாள். ஆய்வுக் கருவி: காது. நல்கை: சித்தி போட்டுக்கொடுத்த காபி.

2. ஆய்வுக் களம்

வேங்கடம் தமிழின் வடக்கெல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்கிறது. எல்லை என்றால் கோடு என்று நினைப்பவர்கள் சித்தூருக்கு வந்ததில்லை. இங்கே எல்லை என்பது ஒரு வீட்டுக் கூடம். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. திருப்பதியைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ம.பொ.சி. போராடினார். கடைசியில் படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. ஈடாகச் சத்தியவேடு வட்டாரம் அந்தப் பக்கம் போனது. எங்கள் ஆயா திருத்தணிக்காரி. அடுப்படியை விட்டு நகராமலே ஒரே இரவில் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த பெருமை அவருக்கு உண்டு. சித்தியைக் கட்டிய சித்தப்பாவோ பாகாலாவில் பிறந்த தெலுங்கர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. அதன்பின் பித்தர், மாமியார் வீட்டுக்குப் போவதை 'வெளிமாவட்டப் பயணம்' என்று சொல்லி, மனைவியிடம் படிக்காசு கேட்டு வருகிறார்.

2006-இல் இக்கூடத்துக்குள் ஒரு ஜப்பானியச் சிறுவன் இந்தி பேசிக்கொண்டு நுழைந்தான். ஹங்காமா டிவி அவனை அழைத்து வந்தது. பின்னர் அவன் தமிழும் தெலுங்கும் கற்றுக்கொண்டான். செட்டாப் பெட்டியில் மொழி மாற்றும் பொத்தான் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்த நாளில் எங்கள் குடும்பத்தின் எல்லைப் போராட்டம் மறுபடி தொடங்கியது. ஆயாவுக்குத் தமிழ் வேண்டும், சித்தப்பாவுக்குத் தெலுங்கு வேண்டும். அப்போது பையனாயிருந்த பித்தருக்கு முதலில் கேட்ட இந்திதான் 'ஒரிஜினல்'. சித்தி தீர்ப்பு வழங்கினார்: ஆயா விழித்திருக்கும்வரை தமிழ், சித்தப்பா வேலையிலிருந்து வந்தபின் தெலுங்கு, இருவரும் தூங்கிவிட்டால் இந்தி. இத்தீர்ப்பின் விளைவை இன்றும் காணலாம். பித்தர் நகைச்சுவையைத் தமிழில் தொடங்கி, வசவைத் தெலுங்கில் வைத்து, இந்திச் சிரிப்போடு முடிப்பார்.

3. மூலம்

யோஷிதோ உசுயி 1990-இல் ஒரு வார இதழில் வரையத் தொடங்கிய படக்கதை சின்சான். 1992 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்தது. களம், தோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா மாநிலத்தின் கசுகாபே ஊர். ஐந்து வயது ஷின்னோசுகே (அதாவது நம் சின்சான்), மாதச் சம்பள அப்பா, கோபக்கார அம்மா, கைக்குழந்தைத் தங்கை, வெள்ளை நாய். இந்திய ஒலிச்சேர்க்கையில் அப்பா ஹாரி, அம்மா மிட்ஸி. ஆசிரியர் உசுயி 2009 செப்டம்பரில் மலையேறப் போன இடத்தில் தவறி விழுந்து இறந்தார். பையன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான்.

அதே 2009-இல்தான் திருப்பதி லட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது இவ்வாய்வின் உறுதியான கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

பையன் பின்பக்கத்தைக் காட்டி ஆடுவதும் பெற்றோரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் நம் ஊரில் முணுமுணுப்பைக் கிளப்பின. 2008-இல் தொடர் சில காலம் திரையை விட்டு மறைந்து, பிறகு வெட்டுகளோடு திரும்பியது. வெட்டப்பட்டவை என்னென்ன என்று ஆய்வாளர் கேட்டபோது, பித்தர் நாற்காலியை விட்டு எழுந்து செய்துகாட்ட முற்பட்டார். காதுகுத்து வீடென்பதால் தடுக்கப்பட்டது.

4. நகைச்சுவைக் கொள்கை

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்பது மெய்ப்பாட்டியல். பிறரை எள்ளுவது ஒன்று, குழந்தைகளின் செய்கை ஒன்று, அறியாமை ஒன்று. நான்காவது மடன். சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமலிருப்பதே மடன் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். ஆகவே, சின்சானைப் பார்த்து வரும் சிரிப்பு இரண்டாம் வகை. பித்தரைப் பார்த்து வரும் சிரிப்பு நான்காம் வகை. பன்னிரண்டு வயதில் ஒன்றைப் பார்த்துச் சிரித்தவர், முப்பது கடந்து மற்றொன்றாகிப் பிறரைச் சிரிக்க வைக்கிறார். தொல்காப்பியர் இருவருக்கும் இடம் ஒதுக்கி வைத்திருப்பது வியப்பு.

பித்தரின் நகைச்சுவையில் தலையாயது 'வாசல் மாற்று'. ஜப்பானில் வீடு திரும்புகிறவர் "வந்துவிட்டேன்" என்ற பொருளில் 'தடாய்மா' என்பார். உள்ளே இருப்பவர் "வா" என்ற பொருளில் 'ஒகாயெரி' என்பார். சின்சான் வெளியிலிருந்து வரும்போது தானே 'ஒகாயெரி' என்பான். அம்மா திருத்துவாள். மறுநாளும் அதையேதான் சொல்வான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் திருந்தவில்லை.

தமிழில் இதன் விளைவு கடுமையானது. வெளியே கிளம்புகிறவர் "போறேன்" என்று சொல்வதையே அபசகுனம் என்று கருதும் வீடு சித்தியுடையது. அங்கே சித்தி மகன் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, உள்ளே இருந்த ஆயாவைப் பார்த்து, "போயிட்டு வா ஆயா" என்றான். எழுபது கடந்த ஆயா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்ட பிறகே அன்று அடுப்பு பற்றியது. மாலையில் திரும்பி வந்தவன் படியேறும்போதே, "வாங்க வாங்க, எப்போ வந்தீங்க?" என்று சித்தியை வரவேற்றான்.

இது ஜப்பானிய இறக்குமதி என்பது சித்தப்பாவின் கட்சி. ஆய்வாளர் மறுக்கிறார். எல்லையோர வீட்டில் "சாப்டியா?" என்று தமிழில் கேட்டால் "தின்னானு" என்று தெலுங்கில் விடை வரும். "எக்கடிகி?" என்று தெலுங்கில் கேட்டால் "பஜாருக்கு" என்று தமிழில் விடை வரும். எதிராளியின் பக்கத்திலிருந்து பேசுவது அங்கே யாரும் நகைச்சுவையாகக் கருதாத அன்றாடப் பழக்கம். சின்சான் அதற்கு ஒரு முகமும் மூக்குக் குரலும் தந்தான், அவ்வளவே.

அடுத்தது 'பெயர் விளி'. சின்சானைப் பின்பற்றிச் சித்தப்பாவை ஒருமுறை பெயர் சொல்லி அழைத்தார் பித்தர். சித்தப்பாவின் கை நீளம் அன்று அளந்து அறியப்பட்டது. அதற்குப்பின் 'நைனா' என்ற சொல்லை இவ்வளவு பணிவோடு உச்சரிப்பவர் சித்தூர் வட்டாரத்திலேயே இல்லை.

மூன்றாவது 'அவை உண்மை', அதாவது வீட்டுக்குள் பேசியதை விருந்தாளி முன் சொல்லிவிடுவது. பெண் பார்க்கப் போன இடத்தில், "அண்ணா, வர வழியில நீ சொன்னியே, பஜ்ஜி மட்டும் நல்லா இருந்தா போதும்னு, அது நல்லாத்தான் இருக்கு" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார் பித்தர். சம்பந்தம் எப்படியோ கைகூடியது. மணப்பெண் அப்போது சிரித்ததே காரணம் என்று பித்தர் நம்புகிறார். "அது சிரிப்பு இல்ல பாவகாரு, அடுப்புப் புகை" என்கிறார் அவர் மனைவி.

5. நம்பிக்கைகள்

முதற்கொள்கை: குடைமிளகாய் உணவன்று. சின்சானுக்குப் பச்சைக் குடைமிளகாய் ஆகாது. ஆகவே பித்தருக்கும் ஆகாது. ராகி சங்கட்டியோடு மிளகாய்த் துவையலைக் கண்ணில் நீர் வழிய உருட்டி உண்பவர், காரமே இல்லாத குடைமிளகாயைக் கண்டால் இலையை நகர்த்துகிறார். நான்கு வகை மறைப்பு உத்திகளை மனைவி கையாண்டு பார்த்துவிட்டார். நான்கும் தோற்றன.

இரண்டாம் கொள்கை: ஒவ்வொரு பிறவிக்கும் ஒரு சாக்கோபி உண்டு. நட்சத்திர வடிவிலான அந்தச் சாக்லேட் தின்பண்டத்துக்காகச் சின்சான் எதையும் செய்வான். சித்தூர்க் கடைகளில் அது கிடைக்காத காலத்தில் பித்தர் ஒரு சமன்பாடு கண்டார்: வரிசையில் நின்றால்தான் வரும், கேட்ட அளவு தரமாட்டார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்தால் பங்கு கேட்பார்கள்; ஆகவே லட்டே சாக்கோபி. இவ்விறையியலின் பயனாக, அலிபிரியிலிருந்து 3550 படிகளையும் முணுமுணுக்காமல் ஏறுகிறார். மேலே கல்யாணகட்டாவில் முடி இறக்கி, தலையில் சந்தனம் பூசியபின், சோற்றுருண்டைத் தலை கொண்ட மசாவோ என்ற சின்சானின் நண்பனாகத் தம்மை அறிவித்துக்கொண்டார். சுற்றிலும் ஆயிரம் மசாவோக்கள் நின்றிருந்ததால் யாரும் பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் கொள்கை: வீட்டுக்கடன் முடியாது. ஹாரி வாங்கிய வீட்டுக்கடன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாக்கி. தொடர் முழுக்க ஒரு தவணைகூடக் குறைந்தபாடில்லை. பித்தர் திருப்பதிப் புறநகரில் வீடு வாங்கக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது சிரித்த முகமாயிருந்தாராம். கடன் வாங்கியவர் முகத்தில் சிரிப்பைக் கண்ட அதிகாரி, பத்திரத்தை இன்னொருமுறை படித்துப் பார்க்கச் சொன்னார்.

நான்காம் கொள்கையே இவ்வாய்வின் மையம்: வயது ஏறாது. 1992-இல் சின்சானுக்கு ஐந்து. 1996-இல் தங்கை பிறந்தாள். அவளுக்கு இன்னும் ஒன்று நிரம்பவில்லை. அவனுக்கு இன்றும் ஐந்து. பித்தர் இதை அறிவியலாகவே ஏற்றுக்கொண்டார். எதிர்ச்சான்று தேடி ஆய்வாளர் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காணிப்பாக்கம் இருக்கிறது. அங்கே கிணற்றுக்குள் எழுந்தருளியிருக்கும் பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது நம்பிக்கை. முன்பு ஒரு பக்தை செய்து போட்ட வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை என்று சொல்வார்கள். ஒரே மாவட்டத்தில், வளரும் கல்லையும் வளராத பையனையும் ஒருங்கே நம்ப முடியுமா என்று பித்தரிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் அம்மா பேச்சைத் தட்டாத பசங்க அண்ணா" என்றார். இது விடையா என்று இன்னும் தெரியவில்லை.

6. ஒப்பீடு

கார்ட்டூன் ஒன்று மனிதர் வாயில் குடியேறுவது புதிதன்று. அமெரிக்காவில் 1989 முதல் ஓடும் சிம்ப்சன்ஸ் குடும்பத்தின் தந்தை, தலையில் அடித்துக்கொண்டு எழுப்பும் 'டோ' என்ற ஒலி 2001-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள் போனது. அதே தொடரின் இந்தியக் கடைக்காரர் அப்புவின் பேச்சு நடை, அங்கு வளர்ந்த இந்தியப் பிள்ளைகளைப் பள்ளிகளில் துரத்தியது. தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளையான நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் அதைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். அங்கே கார்ட்டூன் பேச்சு பிறர் சுமத்தியது. இங்கே பித்தர் தாமே எடுத்துச் சுமந்தது. 2025-இல் வந்த சின்சான் திரைப்படத்தில் அவனும் நண்பர்களும் இந்தியாவுக்கே வந்து ஆடினார்கள். "இவ்ளோ தூரம் வந்தவன், ஒரு எட்டு சித்தூருக்கு வந்திருக்கலாம்" என்று பித்தர் வருந்தினார். உறவினர் கல்யாணத்துக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனவரைப் பற்றிப் பேசும் தொனி அது.

7. ஆய்வின் குறைபாடுகள்

ஆய்வுப் பொருள் ஒருவரே. ஆய்வாளர் அவருக்கு அண்ணன். மூன்றாம் ஞாயிறு கிளம்பும்போது, ஆய்வாளர் தாமே வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்று சொன்னதாகச் சித்தி குற்றஞ்சாட்டுகிறார். இது நடுநிலையைப் பாதித்திருக்கலாம்.

8. முடிவு

பித்தரின் மகள் சின்சான் பார்ப்பதில்லை. "அந்தப் பையன் ஒரே மாதிரியே பண்றான் பெத்தநைனா" என்பது அவள் விமர்சனம். இவ்வளவு சுருக்கமாக என்னால் எழுத முடிந்திருந்தால் இக்கட்டுரை ஒரு வரியில் முடிந்திருக்கும்.

அவளுடைய பிறந்தநாளுக்குத் திருப்பதி வீட்டில் கூடியிருந்தோம். கேக்கின் மேல் பித்தர் ஐந்து மெழுகுவர்த்திகள் நட்டிருந்தார். போன ஆண்டும் ஐந்து என்று மனைவி சொன்னார். "இந்த வயசு நல்லா இருக்கு, இருக்கட்டுமே" என்றார் பித்தர், அந்த மூக்குக் குரலில். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மகள் மெழுகுவர்த்திகளை விரல்விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு, "நைனா, எனக்கு ஆறு" என்றாள்.

பித்தர் எழுந்தார். உள்ளே பூஜை அலமாரியில் இன்னொரு மெழுகுவர்த்தி இருந்தது. அதை எடுக்கப் போகும்போது பழக்க தோஷத்தில், எங்களையெல்லாம் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றார்.

"போறவங்கதான் நைனா 'போயிட்டு வரேன்'னு சொல்லணும்" என்று மகள் திருத்தினாள்.

அவர் கதவருகே நின்றார். "சரிம்மா, போயிட்டு வரேன்" என்றார், சொந்தக் குரலில்.