தாமான் துரை

"ஏய்… இந்தாம்மா!" என்று யாராவது குரலை இழுத்தால் போதும், மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் எந்தக் கல்யாண விருந்தும் கலகலத்துவிடும். பெண்ணைப் பெற்றவர் சிரிக்கிறார். மாப்பிள்ளையைப் பெற்றவர் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். மணப்பெண்ணும் மேக்கப் கலையாமல் சிரித்து வைக்கிறாள். நாளை முதல் அந்தக் குரலோடுதான் குடித்தனம் என்பது, பாவம், அவளுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

குரலுக்குச் சொந்தக்காரர் ஆதி குணசேகரன். சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரியில் திருச்செல்வம் இயக்கத்தில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரின் குடும்பத் தலைவர். வீட்டுக்கு வரும் மருமகள்கள் படித்தவர்களாக இருக்க வேண்டும், அது கௌரவம். தாலி ஏறியதும் கையில் கரண்டியைப் பிடிக்க வேண்டும், அதுவும் கௌரவம். தங்கை ஆதிரை விரும்பியவனை மறந்து, அண்ணன் கைகாட்டிய கரிகாலனைக் கட்ட வேண்டும். அது பெரிய கௌரவம். இந்த மனிதராக நடித்த மாரிமுத்து, வைரமுத்துவிடம் உதவியாளராக இருந்தவர், திரைப்படங்களை இயக்கியவர். 2023 செப்டம்பர் 8 அன்று டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். நல்ல நடிகருக்காக எல்லாரும் வருந்தினோம். ஆனால் குணசேகரன் சாகக் கூடாதே! அதே வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். 2024 ஜூனில் தொடர் முடிந்தது. டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று திரும்பியது. ஆள் போனாலும் அப்பா பதவி காலியாகக் கிடக்கக் கூடாது என்பதில் நமக்கு அவ்வளவு அக்கறை.

வில்லனாக எழுதப்பட்டவர் கெடாத் தமிழனுக்கு எப்படிச் செல்லப்பிள்ளை ஆனார்? ஏற்கெனவே பழகிய முகம், அதனால்தான்.

ரப்பர் தோட்டத்தில் விடியாத இருட்டிலேயே பெரட்டு என்ற அணிவகுப்புக்குப் போய், மேஸ்திரியான மண்டோர் பேர் கூப்பிட்டதும் "ஐயா" என்று குனிந்தவர் நம் தாத்தா. கணக்கெழுதும் கிராணியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார். தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரையின் கார் வந்தால் பாதையை விட்டு ஒதுங்கி நிற்பார். பகலெல்லாம் வாங்கிய அவமானத்தை மூட்டை கட்டிக்கொண்டு லயத்து வீட்டுக்கு வந்தால், அங்கே அவருக்குக் கீழே ஒரே ஒரு ஆள் இருந்தாள்: நம் பாட்டி. அவளும் அதே காட்டில் அதே மரத்தில் பால் வெட்டியவள்தான். ஆனால் 1930 வாக்கில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன அந்தப் பத்துக் காசு வித்தியாசத்தை நம்மவர்கள் இன்றுவரை பத்திரமாகக் காப்பாற்றி வருகிறார்கள்.

நம் முன்னோரைக் கோழைகள் என்று சொல்லிவிட முடியாது. 1946–47இல் இதே கெடாவில், ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடை முன் மறியல் நடந்தது. போலீஸ் அடி விழுந்தது. பலர் சிறைக்குப் போனார்கள். துரையை எதிர்த்துக் கேட்க அவ்வளவு பேர் இருந்தார்கள். அப்பாவை எதிர்த்துக் கேட்கத்தான் இன்னும் ஒரு படையும் அமையவில்லை.

துரை போய்விட்டார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், ரப்பர் போய் செம்பனை வந்தது, லயத்து ஜனம் தாமான் என்ற குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தது. துரை உட்கார்ந்திருந்த நாற்காலியும் கூடவே லாரியில் ஏறி வந்தது. இப்போது ஹாலில், அஸ்ட்ரோவுக்கு நேர் எதிரே கிடக்கிறது.

அந்த நாற்காலிக்காரரின் மகள் கூலிம் ஹைடெக்கில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறாள். அவளுடைய ஏடிஎம் கார்டு அப்பாவின் சட்டைப் பையில், சிகரெட் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. சம்பள நாளன்று அவரே மோட்டாரை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போகிறார். ரகசிய எண் மகளின் பிறந்த தேதி. அந்த ஒரு விஷயத்துக்காகவாவது ஞாபகம் வைத்திருக்கிறார். திரும்பி வந்து, "செலவுக்கு வெச்சுக்கம்மா" என்று ஐம்பது வெள்ளியை நீட்டுகிறார். தன் சம்பளத்தைத் தானே பிச்சையாக வாங்கிக்கொண்டு அவள் "தேங்க்ஸ்ப்பா" என்கிறாள்.

தங்கைக்காரிக்குச் சபாவில் பல்கலைக்கழக இடம் கிடைக்கிறது. "பொம்பளப் புள்ள பிளேன் ஏறிப் போய்ப் படிக்கணுமா?" என்று கடிதம் மேசையிலேயே மடிக்கப்படுகிறது. அன்று சாயங்காலம் தேத்தண்ணிக் கடையில் அதே அப்பா நெஞ்சை நிமிர்த்துகிறார்: "எம்பொண்ணுக்கு யுனிவர்சிட்டியே கெடச்சிச்சு. நாந்தான் வேணான்னுட்டேன்." கிடைத்ததற்கும் பெருமை, கெடுத்ததற்கும் பெருமை. குணசேகரனே வந்து இவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று இந்த நாட்டின் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டமே சொல்லிவிட்டது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் வந்தது. பிள்ளைகள் மீது தாய்க்கும் தந்தைக்குச் சமமான உரிமை என்று 1999இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லாச் சட்டமும் கெடா வரைக்கும் வந்தது. நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நிற்கிறது. நில அலுவலகத்துக்குப் போகும் வழியில், "தம்பிக்கு விட்டுக் குடுத்துடும்மா, அவன் பாவம்" என்ற ஒரு வரியில் மகளின் பங்கு கரைந்து போகிறது. தம்பி மட்டும் எப்போதும் பாவம்தான்.

நாடகத்துக்கு நாடகத்தின் கணக்கு. சனிக்கிழமை மருமகள்கள் சீறி எழுவார்கள். திங்கட்கிழமை மறுபடி தோசை சுடுவார்கள். குணசேகரன் திருந்திவிட்டால் சோப்பு விற்பவர் என்ன செய்வார்? அதைப் பார்த்து நம் அம்மாமார்கள், "என்னா அநியாயம் பாரேன்" என்று உச்சுக் கொட்டுகிறார்கள். விளம்பரம் வந்ததும், "அப்பாவுக்குச் சோறு போடு, போனை வெச்சிட்டு எந்திரி" என்று மகளை விரட்டுகிறார்கள். பெண்ணுக்கு நடக்கும் அநியாயம் தொடரில் வரும் மதுரையில் நடந்தால்தான் நமக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

கண்டிப்பு, மானம், குடும்பப் பேரு என்று எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். உழைத்தவளின் சம்பளத்தை எடுத்துக்கொள்வது களவு. அவள் படிப்பை மறிப்பது அதைவிடப் பெரிய களவு. பணத்தைத் திருப்பித் தரலாம், பத்தொன்பது வயதைத் திருப்பித் தர முடியாது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு "அப்பான்னா அப்படித்தான்" என்று சொல்லும் சித்தப்பா, பெரியப்பா, கோயில் தலைவர் எல்லாரும் அந்தக் களவுக்குக் காவல் நிற்பவர்கள்.

பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம். சட்டைப் பையில் இருக்கிற அந்தக் கார்டை இன்றைக்கு அவளிடம் கொடுத்துவிடுங்கள், ஐயா. அவள் சம்பளம் அவளுடையது.