மண்டப வெண்மை: புது பல்பின் நிறபேதம் குறித்த ஓர் ஆராய்ச்சி

உயரமான கூரை போட்ட ஒரு கல்யாண மண்டபத்தில் வரிசையாக மெட்டல் ஹாலைடு விளக்குகள் எரிகின்றன. அதில் ஒன்று அவிந்துபோகிறது. அதே கம்பெனி, அதே 250 வாட், அட்டைப்பெட்டியில் அதே எண் பார்த்து வாங்கிவந்து மாட்டுகிறார்கள். அன்று சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வருகிற ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்த்துக் கேட்பது ஒன்றைத்தான்: “அந்த ஒண்ணு மட்டும் ஏன் ஒரு மாதிரி எரியுது?” மணமக்களின் ஜோடிப் பொருத்தத்தைவிட அதிகம் பேசப்படும் இந்த வினாவைத் தமிழாய்வுலகம் இதுகாறும் தீண்டவில்லை. அக்குறையை நீக்க இக்கட்டுரை முனைகிறது.

முன்னோர் சான்று வேண்டுமெனில் கல்வெட்டுகளுக்குத்தான் போகவேண்டும். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகளை விடுவது பெருவழக்கு. 90 ஆடுகளோடு முடித்துக்கொண்டவர்களும் உண்டு. ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகத்தான் செய்யும், கிழடு தட்டத்தான் செய்யும்; குட்டிகளைக் கொண்டு தலைக்கணக்கைக் குறையாமல் வைத்திருப்பது மேய்ப்பவர் பாடு. கெட்டதைக் கழித்துப் புதியதைச் சேர்த்துத் தொகையை நிலைநிறுத்தும் பராமரிப்பு முறை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே நடைமுறையில் இருந்தது என்பது இதனால் பெறப்படும். புதுக்குட்டியின் நெய் வேறு நிறத்தில் எரிகிறது என்று அன்று எவரும் முறையிட்டிருக்க வழியில்லை. நெய்ச்சுடரின் மஞ்சள், சுடருக்குள் சூடேறி ஒளிரும் கரித்துகள்களால் வருவது. எந்த ஆட்டின் நெய்யானாலும் கரி கரிதான். பேதம் பிறந்தது உலோகங்களை எரிக்கத் தொடங்கிய பிறகே.

இனி, மண்டப வட்டாரத்தில் நிலவும் மதங்களைக் காண்போம். முதலாவது டூப்ளிகேட் வாதம். “கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்பது இதன் மூலமந்திரம். பெண்ணுக்குத் தாய்மாமன் முறை வருகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சேர்ந்தவர்கள். இரண்டாவது லோ வோல்டேஜ் வாதம். மேனேஜரும் வாட்ச்மேனும் இதன் ஆசாரியர்கள். மூன்றாவது, எலக்ட்ரீஷியன் நிறுவிய பொறுமை வாதம். “தம்பி, அது ஏன் பச்சையடிக்குது?” என்று மேனேஜர் கேட்டால், ஏணியிலிருந்து இறங்காமலே, “புதுசுண்ணே, போகப் போக செட்டாயிடும்” என்பார். நான்காவது, மண்டப உரிமையாளருடையது. “எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான்யா தெரியுது” என்று அவர் சாதிக்கும் அத்வைதம் பல்பின் விலையைக் கேட்ட மாத்திரத்தில் சித்திப்பது.

இவற்றுள் எது மெய் என்பதறிய விளக்கின் உள்ளே புகவேண்டும். வெளிக்கண்ணாடிக்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது, குவார்ட்ஸால் ஆனது. அதனுள் கொஞ்சம் பாதரசம், கொஞ்சம் ஆர்கான், ஒரு சிட்டிகைக்கும் குறைவாகச் சில உலோக அயோடைடு உப்புகள். பாதரசத்தை மட்டும் எரியவிட்டால் பழைய மெர்குரி தெருவிளக்கின் நீலப்பச்சை வரும். அதன் கீழே நின்றால் மாப்பிள்ளைகூட மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவர்போல் இருப்பார். அதைத் திருத்தத்தான் உப்புகள். சோடியம் 589 நானோமீட்டரில் மஞ்சளும், தாலியம் 535-இல் பச்சையும், இண்டியம் 451-இல் நீலமும் கொடுக்கின்றன. இது ஒரு பாகம். சோடியத்தோடு ஸ்காண்டியம் சேர்ப்பது வேறொரு பாகம். எந்தப் பாகமானாலும் வெள்ளை என்று தனியாக ஒன்று உள்ளே கிடையாது. பல நிறத்தார் ஒன்றுகூடி நமக்கு வெள்ளை என்று காட்டுகிறார்கள். கூட்டணியில் ஒருவர் சற்றுச் சுணங்கினாலும் வெளியே தெரிந்துவிடும்.

யார் எவ்வளவு சுணங்குவார் என்பதைத் தீர்மானிப்பது குழாயின் நடுவில் கொதிக்கும் மின்வில் அன்று. குழாயிலேயே குளிர்ந்த மூலை எதுவோ அது. ஆவியாகாத உப்பு அங்கேதான் போய்த் தேங்கும். அந்த மூலையின் சூடு எவ்வளவோ அவ்வளவு உப்புதான் மேலே கிளம்பும். குவார்ட்ஸ் குழாயின் முனையைச் சூடாக்கி நசுக்கி மூடும்போது வடிவத்தில் வரும் இம்மி வித்தியாசம், முனையில் பூசும் வெள்ளைப் பூச்சின் ஏற்ற இறக்கம், உப்பின் அளவில் ஒரு துளி கூடுதல் குறைவு, எல்லாம் நிறத்தில் வந்து நிற்கும். பெட்டியில் நிறவெப்பநிலை 4,000 கெல்வின் என்று அச்சிட்டிருந்தாலும், ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு குவார்ட்ஸ் விளக்குகள் சில நூறு கெல்வின் தள்ளி எரிவது இயல்பே. நிமிர்த்தி எரிக்க வேண்டியதைப் படுக்கவைத்து எரித்தால் குளிர்மூலை இடம் மாறி நிறமும் மாறும். டூப்ளிகேட் வாதத்தை இவ்வளவில் நிறுத்திக்கொள்ளலாம். அசல் சரக்கே இப்படித்தான்.

லோ வோல்டேஜ் வாதத்தில் உண்மை உண்டு. அழுத்தம் குறைந்தால் குழாய் குளிரும், உப்பு கிளம்பாது, பாதரசம் தன் பழைய நீலப்பச்சையோடு தலைதூக்கும். இங்கே ஒரு தடை எழும்: அழுத்தம் மண்டபம் முழுக்கக் குறையும்போது ஒரு விளக்கு மட்டும் பச்சையடிப்பதேன்? விடை: விளக்குக்கு விளக்கு தனிச் சோக்கு உண்டு, எல்லாச் சோக்கும் ஒரே அளவு மின்சாரம் விடுவதில்லை. எனவே இவ்வாதம் தோற்றும் பிழைக்கிறது.

பொறுமை வாதத்தைப் படித்தவர்கள் எள்ளுவார்கள். எள்ளக்கூடாது. புதிய விளக்கை 100 மணி நேரம் எரியவிட்ட பிறகே அதன் ஒளியையும் நிறத்தையும் அளப்பது தயாரிப்பாளர்களின் நடைமுறை. அதுவரை உப்பு பரவிப் படிந்து நிலைகொண்டிருக்காது. ஒரு கல்யாணத்துக்கு முதல்நாள் ரிசப்ஷனும் மறுநாள் முகூர்த்தமுமாகப் பத்து மணி நேரம் எரிகிறது என்று கொண்டால், ஒரு பல்பு செட்டாகப் பத்துக் கல்யாணம் வேண்டும். ஆனிக் கடைசியில் மாட்டிய பல்பின் நிலை பரிதாபம். ஆடி முழுக்கச் சும்மா கிடந்து ஆவணியில்தான் அது பக்குவத்தைத் தொடரமுடியும். பஞ்சாங்கத்துக்கும் உலோக ஆவிக்கும் உள்ள இத்தொடர்பு மேலை நாட்டார் கவனத்துக்கு வந்திருக்க நியாயமில்லை.

மேலை நாட்டாரைக் குறிப்பிட்டதால் வரலாற்றையும் சொல்லிவிடலாம். பாதரச விளக்கில் ஹாலைடு உப்பைச் சேர்க்கும் யோசனைக்கு 1912-இல் காப்புரிமை பெற்றவர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ். புரோட்டியஸ் என்பது பிடிபடும்போதெல்லாம் உருமாறும் கிரேக்கக் கடல் தெய்வம். கிரேக்கர்களுக்கு நாடி சோதிடம் தெரியாது என்பார் இதைக் கவனிக்க. யோசனை அரை நூற்றாண்டு தூங்கியது. 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கில்பர்ட் ரைலிங் அதை எரியும் பொருளாக்கினார். 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது ஒளிர்ந்தது.

இதுவரை புதுப் பல்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியே பேசினோம். அதுதான் இத்துறையின் ஆதிப் பிழை. கூண்டில் ஏற்ற வேண்டியவை எஞ்சிய பழம்பல்புகள். திறப்பு விழாவுக்கு முதல்நாள் ஒன்றாக மாட்டப்பட்ட அவை, ஒன்றாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கின்றன. சோடியம் சூடான குவார்ட்ஸ் சுவருக்குள் புகுந்து வெளியேறிவிடும், ஸ்காண்டியம் அந்தச் சுவரோடேயே வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும், சுவரும் கறுக்கும். எது முந்திக் குறைகிறதோ அதைப் பொறுத்து விளக்கு நீலத்துக்கோ பச்சைக்கோ ரோஸுக்கோ சாயும். இதை ஒருவரும் பார்ப்பதில்லை. மாற்றம் மாதக்கணக்கில் ஊர்கிறது. நம் கண்ணோ எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் சில நிமிடத்தில் அங்குள்ள சாயத்தையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும் சுபாவமுடையது. ஆக, பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கு ஓரளவு பக்கத்தில் எரிகிற ஒரே ஜீவன் புதுப் பல்புதான். அதுவும் 100 மணி நேரம் முடியாததால் முழு யோக்கியமில்லை. கூரையில் 4,000 கெல்வினில் எரியும் விளக்கு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். பெரும்பான்மை எதுவோ அது வெள்ளை, அவ்வளவே.

ஏற்றுக்கொள்ளும் கண்ணே பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் விடாது. எவ்வளவு சிறிய நிறபேதத்தைக் கண் பிடிக்கும் என்பதை டேவிட் மக்ஆடம் 1942-இல் வெளியிட்டார். ஒரே ஒருவரைக் கருவிமுன் உட்காரவைத்து, சுமார் 25,000 தடவை நிறத்தோடு நிறம் சேர்க்கச் சொல்லி எடுத்த கணக்கு அது. இன்றும் விளக்குத் தயாரிப்பாளர்கள் நிறப்பொருத்தத்தை மக்ஆடம் நீள்வட்டத்தில்தான் சொல்கிறார்கள். பட்டுக்கடையில் புடவையை இரண்டு கையிலும் ஏந்தி வாசல் வெயிலுக்குத் தூக்கிச் சென்று, “இது அரக்கு இல்லடி, மெரூன்” என்று தீர்ப்பளிக்கும் பெரியம்மாக்களை அவர் உட்காரவைத்திருந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். கேமராவுக்குக் கண்ணின் தாராளம் அறவே கிடையாது. மேடைக்கு இடப்பக்கம் ரோஸ், வலப்பக்கம் பச்சை என்றால், வீடியோக்காரர் எந்தப் பக்கத்துக்கு வெள்ளையைச் சரிசெய்தாலும் இன்னொரு பக்கத்துச் சொந்தக்காரர்கள் கெடுவார்கள்.

எல்லா விளக்கும் சேர்ந்து நிறம் மாறும் தருணமும் உண்டு. கரண்ட் போய் வந்தால் சூடான விளக்கு உடனே பற்றாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவேண்டும். பிறகு நீலமாகத் தொடங்கி, பச்சையைத் தொட்டு, மெல்ல வெளுக்கும். 2013-இல் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் நடுவே பாதி மைதானம் இருண்டு, ஆட்டம் 34 நிமிடம் நின்றதில் இந்த ஆறுதலுக்கும் பங்குண்டு. நம் மண்டபங்களில் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தையே முடித்துவிடுவார்.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. 1994-இல் பிலிப்ஸ் குவார்ட்ஸுக்குப் பதில் அலுமினா பீங்கான் குழாயைக் கொண்டுவந்தது. அதை அளவு பிசகாமல் வார்க்கலாம், கூடுதல் சூடு தாங்கும், சோடியத்தையும் எளிதில் தப்பவிடாது. துணிக்கடைகள் அதை விரும்பி மாட்டின. இல்லையேல் ஒன்று போனாலும் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றவேண்டும். இதை உரிமையாளரிடம் சொல்லிப் பார்த்தவர்கள் அவருடைய அத்வைதத்தின் ஆழத்தை அறிவர்.

எஞ்சியது எலக்ட்ரீஷியனின் முறை. அவர் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. ஆஃப் சீசனில் ஏணியைப் போட்டு எல்லாவற்றையும் கழற்றி, ரோஸடிப்பதை ஒரு வரிசையிலும் பச்சையடிப்பதை மறு வரிசையிலும் மாட்டி, புதுசை வெளியே பார்க்கிங்குக்கு அனுப்பிவிடுகிறார். பேதம் ஒழியவில்லை; ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இல்லாததால் கேள்வி ஒழிந்தது. இந்த ஆய்வாளர் கண்டவற்றுள் இதுவே ஆகச் சிறந்த தீர்வு. அண்மையில் ஒரே ஒரு ஆட்சேபம் மட்டும் வந்தது. ரோஸ் வரிசை பெண்வீட்டார் உட்காரும் பக்கம் அமைந்துவிட்டதாம், சம்பந்தியம்மாள் மேனேஜரைக் கூப்பிட்டு, “எங்க பக்கம் மட்டும் எல்லாரும் சோகையா தெரியுறோமே, இதுக்கும் தனியா சார்ஜா?” என்று கேட்டார்.