விழப்போகும் பல்லுக்கு வைத்தியமா?

கேள்வி: பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது? சொத்தை விழுந்தால் டாக்டருக்குச் செலவழிக்க வேண்டுமா?
- ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: விழும்தான். ஆனால் கடைசிப் பால் கடைவாய்ப்பல் விழ 11, 12 வயதாகும். அதுவரை முறுக்கை யார் கடிப்பது? அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்காக, பஸ்ஸில் துண்டு போடுவதுபோல் இடம் பிடித்து வைத்திருப்பதும் பால் பல்தான். அதைச் சீக்கிரமே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று: 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசியில் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். பலர் அதையும் பால் பல் என்றே விட்டுவிடுகிறார்கள். அது போனால் வேறு முளைக்காது!

உங்களுக்குப் பக்கத்திலேயே, வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. இந்த வாரமே குழந்தையை அழைத்துப் போங்கள்.