திமிங்கலப் பல், மோவா எலும்பு: கேள்வி பதில்

கேள்வி: நியூசிலாந்தில் யானையே கிடையாதே, மாவோரி மக்களுக்குத் தந்தம் எங்கிருந்து கிடைத்தது? (கரூர் வாசகர்)

பதில்: கடல் கொடுத்தது. ஆம்பர்கிரிஸ் கடத்தல் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறதே ஸ்பெர்ம் திமிங்கலம், அதன் கீழ்த்தாடைப் பல்தான் அவர்களுடைய தந்தம். பெரிய பல் ஒன்று ஒரு கிலோ வரை எடை நிற்கும். வேட்டையாடிப் பிடுங்கியதல்ல, கரையொதுங்கிய திமிங்கலத்திலிருந்து எடுத்தது. ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய முன்னோர் கிழக்குப் பாலினேசியாவிலிருந்து படகேறி வந்து இறங்கியபோது, அந்த மண்ணில் வௌவாலைத் தவிரத் தரைவாழ் பாலூட்டி எதுவுமே இல்லை. மாடும் மானும் கொம்பும் இல்லாத தேசம். கரையில் சீல், கடலில் திமிங்கலம், காட்டில் மோவா என்ற பறக்காத பெரும்பறவை. செதுக்கக் கிடைத்த எலும்பில் பெரும்பகுதி இவற்றிடமிருந்தும், அவர்கள் கூட்டி வந்த நாய்களிடமிருந்தும் வந்ததுதான்.

கேள்வி: மோவாவை இப்போது போனால் பார்க்கலாமா? (தேனி வாசகி)

பதில்: அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடாக மட்டும். மனிதர் குடியேறி இருநூறு ஆண்டுகளுக்குள் வேட்டையில் தீர்ந்துபோனது. அது போனபின் தூண்டில் முள்ளே மாறிவிட்டது என்பதுதான் என்னை வியக்க வைக்கும் செய்தி. மோவாவின் கால் எலும்பு தடிமனானது. அதில் பட்டையாக ஒரு துண்டு வெட்டி, நடுவே துளையிட்டு, அந்தத் துளையை அராவி அகலமாக்கினால் ஒரே துண்டில் முழு முள் வந்துவிடும். பறவை அழிந்தபின் அவ்வளவு பெரிய துண்டு எங்கே கிடைக்கும்? தண்டை மரத்தில் செய்து, கூர்முனையை மட்டும் எலும்பில் செய்து, நாரால் வரிந்து கட்டும் முறை பெருகியது. தொல்லியல் அறிஞர்கள் ஒரு முள்ளைப் பார்த்தே அது முந்தைய காலத்ததா பிந்தையதா என்று ஓரளவு ஊகித்துவிடுகிறார்கள்.

கேள்வி: இரும்பு இல்லாமல் எலும்பைச் செதுக்கினார்கள் என்றால் பொறுமைதான் கருவியா? (சிவகாசி வாசகர்)

பதில்: பொறுமை மட்டும் என்று சொன்னால் அந்தக் கைகளின் அறிவைக் குறைத்ததாகிவிடும். அராவுவதற்கு மணற்கல். அதிலும் சொரசொரப்பானது முதலில், வழவழப்பானது கடைசியில். கீறுவதற்கு எரிமலைக் கண்ணாடிச் சில்லு. இதில் பேர்போனது பிளென்டி விரிகுடாவில் இருக்கும் தூஹுவா தீவின் சில்லு. துளையிட, நுனியில் கல் பதித்த குச்சி. அதில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுத்தால் குச்சி சுழலும். தயிர் கடையும் மத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கணக்கு அதேதான். வளைவாக வெட்ட வேண்டிய இடத்தில் வரிசையாகத் துளைகள் போட்டு, இடைப்பட்ட எலும்பை உடைத்தெடுப்பார்கள். எலும்பு நீளவாக்கில் ஒரு மாதிரியும் குறுக்கே ஒரு மாதிரியும் பிளக்கும். அந்த ஓட்டம் தெரியாதவன் கையில் இரும்பு உளி இருந்தாலும் வேலை கெட்டுத்தான் போகும்.

கேள்வி: மனித எலும்பிலும் செய்தார்களாமே. கேட்கவே நடுங்குகிறது. (நாகர்கோவில் வாசகி)

பதில்: செய்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. தோற்ற எதிரியின் எலும்பைத் தூண்டில் முள்ளாக்குவது அவனுடைய குலத்துக்கே செய்யும் அவமதிப்பு. செத்தபின்னும் அவன் இவர்களுக்கு மீன் பிடித்துத் தர வேண்டும்! ஆனால் இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. மாவுயி என்ற வீரன் கடலடியிலிருந்து நியூசிலாந்தின் வடக்குத் தீவையே மீனாகத் தூண்டில் போட்டு இழுத்தான், அந்தத் தூண்டில் அவனுடைய மூதாதை முரிராங்காஃபெனுவாவின் தாடையெலும்பு என்பது அவர்களுடைய தொன்மம். எதிரியின் எலும்பு என்றால் பழி, பாட்டியின் எலும்பு என்றால் வரம். எலும்பு யாருடையது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மாவோரிச் செதுக்குக் கலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

கேள்வி: இருப்பவற்றில் மிகப் பழைய அணிகலன்கள் எவை? (கும்பகோணம் வாசகர்)

பதில்: தெற்குத் தீவின் வைராவு திட்டில் கிடைத்தவை மிகப் பழையவற்றுள் சேரும். 1939-ல் ஒரு பள்ளிச் சிறுவன் தோண்டியபோது வெளிப்பட்ட இடம். முதல் குடியேறிகளின் கல்லறைகள் அங்கே இருந்தன. திமிங்கலப் பல் கோத்த கழுத்தணிகள், மோவா எலும்பில் கடைந்த உருளை மணிகள், துளையிட்ட மோவா முட்டை எல்லாம் கிடைத்தன. தோண்டியெடுத்த முன்னோரின் எலும்புகளை ரங்கிதானே இனத்தார் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்து, 2009-ல் திரும்பப் பெற்று அதே மண்ணில் அடக்கம் செய்தார்கள். அந்தப் பிடிவாதத்துக்கு என் வணக்கம்.

கேள்வி: கப்பல் தலைவன் குக் பார்த்த மாவோரிகள் கழுத்தில் என்ன அணிந்திருந்தார்கள்? (விருதுநகர் வாசகர்)

பதில்: 1769-ல் அவருடன் போன ஓவியர் சிட்னி பார்க்கின்சன் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. முகமெல்லாம் பச்சை குத்திய ஒருவர், கொண்டையில் சீப்பு, மார்பில் நீண்ட திமிங்கலப் பல். அந்தப் பல்லுக்கு ரெய் புட்டா என்று பெயர். பல்லின் வடிவத்தை ஏறக்குறைய அப்படியே விட்டு, நுனியில் மட்டும் இரு கண்களைக் கீறியிருப்பார்கள். குறைவாகச் செதுக்கி நிறைவாக நிற்கும் வேலை. எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கேள்வி: சிட்னியிலிருந்து வந்த மாமா முறுக்கு வடிவ எலும்புப் பதக்கம் கொடுத்தார். ஆயிரம் ஆண்டுப் பழமையான நட்புச் சின்னமாம். (திருநெல்வேலி வாசகி)

பதில்: நட்பு மாமாவுடையது, அதை நம்புங்கள். ஆயிரம் ஆண்டு என்பது கடைக்காரர் சேர்த்தது. மாவோரிகள் அங்கே குடியேறியே அவ்வளவு காலமாகவில்லை. முறுக்கு வடிவம் இருபதாம் நூற்றாண்டில் பரவியது. தூண்டில் முள் பதக்கம் வாங்கியிருந்தால் பழமைக்கு நானே சாட்சி சொல்லியிருப்பேன்.

கேள்வி: இப்போதும் திமிங்கல எலும்பில்தான் செய்கிறார்களா? (பாண்டிச்சேரி வாசகர்)

பதில்: பெரும்பாலும் மாட்டின் கால் எலும்பில். வேகவைத்து, மஜ்ஜையைச் சுரண்டி, கொழுப்பை நீக்கி, வெளுத்துக் காயவைத்துச் செதுக்குகிறார்கள். நியூசிலாந்தில் திமிங்கல வேட்டை 1964-ல் நின்றது, 1978-ல் கடல் பாலூட்டிகளுக்கென்றே பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று திமிங்கலம் கரையொதுங்கி இறந்தால், அந்தக் கரைக்குரிய இனக்குழு அரசின் பாதுகாப்புத் துறையோடு பேசி எலும்பையும் பல்லையும் எடுக்கிறது. 2018-ல் டாரனாக்கி கரையில் 12 ஸ்பெர்ம் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது, வடக்கிலிருந்து ங்காத்திவாய் இனத்தார் உதவிக்கு வந்தார்கள். முதலில் பிரார்த்தனை, பிறகுதான் கத்தி. எங்கே வெட்டுவது, எலும்பிலிருந்து எண்ணெயை எப்படி இறக்குவது என்ற அறிவு பல இடங்களில் மறந்தே போயிருந்தது. இப்போது கைமாறிக் கைமாறித் திரும்பி வருகிறது. சட்டம் எலும்பைக் காத்தது, இவர்கள் வித்தையைக் காக்கிறார்கள்.

கேள்வி: மாவோரி அல்லாதவர் செதுக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: செதுக்கியிருக்கிறார்கள், நன்றாகவும் செதுக்கியிருக்கிறார்கள். எலும்பிலும் கல்லிலும் மரத்திலும் குழல்கள் செய்தவர் பிரையன் ஃபிளின்டாஃப். ஹிரினி மெல்போர்ன், ரிச்சர்ட் நன்ஸ் இருவரோடும் சேர்ந்து, வாசிக்க ஆளின்றிக் கிடந்த மாவோரி இசைக்கருவிகளை மறுபடி ஒலிக்க வைத்தார். இவர்களில் மெல்போர்ன்தான் மாவோரி. பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டு, சொந்தப் பெயரில் செய்தார்கள். மலிவு ஆலையில் பிசினை வார்த்து ‘மாவோரிக் கலை’ என்று சீட்டு ஒட்டுகிறவர்களோடு இவர்களைச் சேர்த்துப் பேசக் கூடாது.

கேள்வி: பிசினா எலும்பா என்று கண்டுபிடிப்பது எப்படி? (ஈரோடு வாசகி)

பதில்: உருப்பெருக்கி போதும். எலும்பில் இரத்தக் குழாய் ஓடிய தடம் சின்னச் சின்னப் புள்ளியாகவோ கோடாகவோ தெரியும். பல்லில் அது இருக்காது. பிசினில் காற்றுக் குமிழியோ அச்சின் விளிம்போ காட்டிக்கொடுக்கும். ஊசியைச் சுட வைத்துக் குத்திப் பார்க்காதீர்கள், அசலாக இருந்தால் அந்த வடு போகாது.

கேள்வி: நியூசிலாந்தில் தமிழ் எழுத்துள்ள மணி கிடைத்ததாமே. அப்படியானால் செதுக்கக் கற்றுக்கொடுத்தது நாம்தானா? (மதுரை வாசகர்)

பதில்: மணி உண்மை. பாதிரியார் வில்லியம் கொலென்சோ பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று அதில் பொறித்திருக்கிறது. அது வெண்கலம். எலும்பு வேலை அவர்கள் பாலினேசியாவிலிருந்து கொண்டு வந்து, தங்கள் மண்ணில் வளர்த்துக்கொண்டது. அந்தப் பெருமை முழுவதும் அவர்களுடையது.

கேள்வி: மகன் ஆக்லாந்திலிருந்து வருகிறான். என்ன வாங்கி வரச் சொல்லட்டும்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: மாட்டெலும்பில் ஒரு தூண்டில் முள், செதுக்கியவரிடமே நேரில். அவர் பெயரையும், எந்த இனக்குழு என்பதையும், அந்த வடிவத்துக்கு அவர் என்ன கதை சொல்கிறார் என்பதையும் எழுதி வாங்கி வரட்டும். திமிங்கலப் பல் வேண்டாம். ஸ்பெர்ம் திமிங்கலம் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருப்பது, உரிய அனுமதிகள் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. வந்ததும் பீரோவில் பூட்டாமல் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பின் எண்ணெய் பட்டுப்பட்டு வெள்ளை எலும்பு மெல்லத் தேன் நிறமாகும். குளிக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.