துடைப்பத்துக்குத் தப்பிய தடங்கள்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு விலங்குத் தடம் காட்ட ஆசைப்படும் மாமனுக்கு முதல் எதிரி துடைப்பம். புளோக்கின் கீழே ராத்திரி பூனை நடந்திருக்கும். விடிந்ததும் துப்புரவு அங்கிள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவார். அவர் விட்டதை மத்தியான மழை பார்த்துக்கொள்ளும்.

அதனால் லிட்டில் இந்தியாவில் நாங்கள் சிமெண்டை நம்பினோம். காய்வதற்குள் அவசரப்பட்டு நடந்த பிராணியின் கால் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அக்கா மகள் குத்துக்காலிட்டு ஒன்றை ஆராய்ந்தாள். நான்கு விரல், பின்னால் ஒரு மெத்தை, நகக்குறி இல்லை. "பூனை" என்றாள். சரிதான். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். நாய்க்கு அந்த நாகரிகம் கிடையாது.

அவள் தம்பிக்குப் பூனை போதவில்லை. பஃபலோ ரோடு என்று பலகை மாட்டிவிட்டு எருமைத் தடம் இல்லையென்றால் எப்படி என்று சண்டைக்கு வந்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் தடமென்ன, சாணியையே மிதித்திருக்கலாம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மாட்டு வியாபாரம் அப்படி நடந்தது. பொங்கலுக்கு கேம்பல் லேனில் மாடு கொண்டுவருவார்கள், அப்போது பார்க்கலாம் என்றேன். "அது கட்டிப்போட்ட மாடு மாமா. எங்கேயும் போகாது, தடமும் வராது."

போகட்டும் என்று புலியை இறக்கினேன். 1902-இல், காட்சிக்கு வைத்திருந்த இடத்திலிருந்து தப்பிய புலி ஒன்று ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் பதுங்கியது. சுட்டவர் ராஃபிள்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர். அவ்வளவுதான், புலியை மறந்தார்கள். "பிரின்சிபல்கிட்ட துப்பாக்கியா?" என்ற கவலை எம்ஆர்டி வரைக்கும் ஓடியது.

நிஜமான பாடம் சுங்கை பூலோவில். 2002-இல் காப்பகமான சதுப்புநிலம். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். சேற்றில் எந்த அங்கிளின் துடைப்பமும் செல்லாது. பலகைப் பாதையிலிருந்து எட்டிப் பார்த்தால், இரண்டு பக்கமும் விரித்த விரல்களின் நகக்குறி, நடுவே பாம்பு போனதுபோல் நெளிந்த கோடு.

"பாம்புக்குக் கால் முளைச்சிருக்கு" என்றான் தம்பி. அக்காக்காரி பேசாமல் கோட்டின் மேலேயே விரலை நகர்த்திக்கொண்டு போனாள். கோடு முடிகிற இடத்தில் பெரிய நீர் உடும்பு ஒன்று வாலை இழுத்தபடி, எங்களை மதிக்காமல் நடந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு இருவரையும் பிடிக்க முடியவில்லை. கிருஷ்ண ஜெயந்தியன்று அம்மா மாக்கோலத்தில் முட்டியை ஒற்றி, விரல்களைப் புள்ளியாக வைத்து, வாசலிலிருந்து பூஜை அறை வரை குட்டிப் பாதங்கள் போட்டிருந்தாள். தம்பி தரையில் படுத்துவிட்டான்.

"அஞ்சு விரல். நீர்நாய்!"

"நீர்நாய்க்கு விரலுக்கு நடுவுல சவ்வு இருக்கும்டா. இதுல இல்ல."

"அப்ப குரங்கு."

அம்மா அவன் தலையில் குட்டினாள். அவன் தடவிக்கொண்டே பூஜை அறை வரை தவழ்ந்துபோய்த் திரும்பிப் பார்த்தான். "பாட்டி, போன தடம்தான் இருக்கு. வந்த தடம் இல்ல. அது உள்ளேதான் இருக்கு."

"அதைத்தான்டா இத்தனை வருஷமா உன் மாமனுக்குச் சொல்லிட்டிருக்கேன்" என்று அவனுக்கு ஒரு சீடை அதிகமாகக் கொடுத்தாள்.