காசு கொடுத்து வாங்கும் தடை உத்தரவு

பாலியல் சிகிச்சைக்கு முதன்முறை போகிறவருக்கு இரண்டு பயம். உள்ளே உடையைக் கழற்றச் சொல்வார்கள். வெளியே தெரிந்தவர் யாராவது உட்கார்ந்திருப்பார். முதலாவது நடக்காது, அங்கே பேச்சு மட்டும்தான். உடல் பரிசோதனை தேவையென்றால் மருத்துவரிடம் தனியே அனுப்புவார்கள். இரண்டாவது நடந்தால், அவரும் உங்களைப் பார்க்காத மாதிரி செல்போனை நோண்டுவார்.

லாட்ஜில் முகாமிட்டு, ‘இளமையில் செய்த தவறு’ என்று மிரட்டி லேகியம் விற்கும் பரம்பரை வைத்தியரிடம் பழகியவருக்கு இங்கே பெரிய ஏமாற்றம். மிரட்டலே கிடையாது. சர்க்கரை உண்டா, பிரஷருக்கு என்ன மாத்திரை, தூக்கம் எப்படி, படுக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேள்விகள்தான். ஒற்றை அறை வீட்டில் மாமியாரும் படுத்திருந்தால் அதுவும் குறிப்பேட்டில் ஏறும். ‘கோளாறு அவளுக்குத்தான் சார்’ என்று தனியாக வந்தவரிடம், ‘அடுத்த முறை ரெண்டு பேருமா வாங்க’ என்பார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பிறகு வீட்டுப்பாடம். அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் நூலாக்கிய முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: கொஞ்ச நாளைக்கு உடலுறவு கூடாது, கையைப் பிடிக்கலாம், முதுகை வருடலாம். வழி கேட்டுப் போனவருக்குத் தடை உத்தரவு! பரீட்சையே ரத்தானால் பரீட்சை பயம் ஏது என்பது கணக்கு. தடையை மீறிவிட்டு அசடு வழிய வந்து நிற்கும் தம்பதிகளும் உண்டு.

போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். அந்த லேகிய டப்பாவையும்தான். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்க வேண்டாமா?