தீபாவளி லேகியமும் முன்தூய்மைக் கொள்கையும்: கும்பகோணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள தோப்பு விடுதிகளில் உடலைச் சுத்திகரித்து அனுப்பும் ஆயுர்வேதத் தங்கல் இப்போது நன்றாக நடக்கிற தொழில். சுவாமிமலைப் பக்கமோ வேப்பத்தூர்ப் பக்கமோ வந்து இறங்குகிறவருக்கு நாடி பார்த்து, எண்ணெய் தேய்த்து, மரப்பெட்டிக்குள் உட்காரவைத்து ஆவி காட்டி, நெற்றியில் தாரை ஒழுகவிட்டு, ராத்திரிக்குக் கஞ்சி கொடுக்கிறார்கள். இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வருஷம் பூராவும் கண்டதைத் தின்று சேர்த்ததை ஒரு வாரத்தில் கழித்துவிடலாம். குற்றம் முதலில், தண்டனை பிறகு. இந்த வரிசையே தலைகீழ் என்பதும், சரியான வரிசையைக் காவிரிக் கரை வீடுகள் வருஷந்தோறும் விடிவதற்கு முன்பே செய்துகாட்டிவிடுகின்றன என்பதும் இக்கட்டுரையின் துணிபு. வசதிக்காக இதை முன்தூய்மைக் கொள்கை என்று அழைப்போம்.

முதன்மைச் சான்று தீபாவளி விடியற்காலை. மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்து, சீயக்காய் போட்டு வெந்நீரில் முழுக்காட்டி, ஈரத்தலை துவட்டுவதற்குள் வாயில் ஓர் உருண்டை லேகியத்தைத் திணிக்கிறார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், வெல்லம், நெய் என்று அதன் சேர்மானத்தை நாட்டுமருந்துக் கடைக்காரர் கேட்காமலே பொட்டலம் கட்டித் தருவார். கவனிக்க வேண்டியது நேரம். அதிரசமும் முறுக்கும் மைசூர்பாகும் இன்னும் டப்பாவில்தான் இருக்கின்றன. ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை. முறிவு மருந்து நஞ்சுக்கு முன்னால் கொடுக்கப்படுகிறது. எண்ணெய், வெந்நீர், உள்மருந்து, கடைசியில் உணவு என்று விடுதி ஏழு நாளுக்கு நீட்டுகிற படிகள் அத்தனையும் இங்கே ஒரு மணி நேரத்துக்குள், வாடகையில்லாமல், பெரும்பாலும் நோயாளியின் சம்மதமும் இல்லாமல் நடந்தேறுகின்றன.

சாஸ்திரம் விடுதியின் பக்கம் என்று நினைப்பவர்கள் சாஸ்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். சரக சங்கிதை வழியில் வாந்தி, பேதி, இருவகை வஸ்தி (எனிமா), நசியம் (மூக்கில் விடும் மருந்து) ஆகிய ஐந்தும் பஞ்சகர்மம். சுசுருதர் வழியில் வந்தவர்கள் வஸ்தியை ஒன்றாக்கி இரத்தம் வாங்குவதையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ரசாயனம் என்னும் உடல்தேற்றும் மருந்து கொடுப்பதற்கு முன்பு உடலைச் சுத்தம் செய்தாக வேண்டும், அழுக்குத் துணியில் சாயம் ஏறாது என்பது ஆயுர்வேத நூல்கள் சொல்லும் காரணம். துணி வெளுப்பது சாயத்துக்காக. திருபுவனத்துப் பட்டு நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை; கச்சாப் பட்டின் பசையை அவித்து எடுக்காமல் யாரும் சாயத்தொட்டிப் பக்கம் போவதில்லை. கழிவு முடிந்தபின் கஞ்சித் தெளிவில் தொடங்கி, கஞ்சி, குழைந்த சாதம் என்று படிப்படியாக ஏறும் பத்திய முறையும் உண்டு. நன்றாகக் கழிந்தவருக்கு இது ஏழு நாள் வரை போகும். அந்த ஏணி முழுச்சாப்பாட்டை நோக்கித்தான் ஏறுகிறது என்பதை எந்த விடுதி விளம்பரமும் சொல்வதில்லை. நெல் விளையும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதிகளையும் இங்கே சேர்த்துப் பார்ப்பது நல்லது. நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 91, 8, 3, 2, ஆகமொத்தம் 104. ஓர் ஆண்டில் வரும் சனி, ஞாயிறுகளும் 104. இதைத் தற்செயல் என்பவர்களோடு வாதிட இங்கே இடமில்லை. சித்தர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போகச் சொல்லவில்லை என்பது மட்டும் தெளிவு.

மறுப்புகளுக்கு வருவோம். கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கையில் சுத்திகரிப்பே தேவையில்லை என்கிறது நவீன மருத்துவம். முற்றிலும் சரி, அவை தீபாவளியன்றும் விடுப்பு எடுப்பதில்லை. அதனால்தான் வரப்போகும் சுமையைப் பற்றி அவற்றுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது மரியாதை என்கிறோம். இதைவிடக் கடுமையான மறுப்பு விளக்கெண்ணெய். கோடை விடுமுறை முடிகிறபோது பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுத்து மிளகு ரசம் சாதம் போடுகிற பழக்கம், மாம்பழமும் பலாச்சுளையும் தின்று தீர்த்த பிறகுதானே வருகிறது? அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த நாளைக் குறித்தது மாம்பழம் அல்ல, பள்ளிக்கூடம் திறக்கும் தேதி. மாம்பழம் எப்போது தீர்ந்தாலும் விளக்கெண்ணெய் ஜூனுக்கு முன்னால் வந்துவிடும். புதிய வகுப்புக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பது பெற்றோர் கருத்து.

வெற்றிலை விஷயத்தில் எதிர்த்தரப்புக்குக் கொஞ்சம் பலம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை விருந்துக்குப் பிறகு போடப்படுகிறது. எனவே அது பின்தூய்மை என்பார்கள். பகல் இரண்டு மணிக்குப் போடும் வெற்றிலை நான்கு மணி டிபனுக்கு முன்னால்தான் இருக்கிறது என்பதே நம் பதில். இந்த ஊரில் எந்தச் சாப்பாட்டுக்குப் பின்னாலும் இன்னொரு சாப்பாடு நிற்கிறது. ஏகாதசிப் பட்டினியும் அவ்வாறே: துவாதசி விடிந்ததும் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இலையில் விழும் என்று தெரிந்தே மக்கள் முதல்நாள் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்கிறார்கள். விடுதியில் தங்கியவரும் ஒருவகையில் நம் கொள்கைக்காரரே. கடைசி நாள் கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்ததும் அவர் கார் முதலில் நிற்பது டிகிரி காபிப் பலகை தொங்குகிற இடத்தில். தான் ஏழு நாள் தயாரானது எதற்கு என்பது அவருக்கு அந்தப் பித்தளை டபராவில்தான் விளங்குகிறது.

ஐயம் தீராதவர்களுக்குப் பெரிய அளவில் ஒரு கள ஆய்வு வாய்ப்பு வருகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016க்குப் பிறகு 2028இல் நடக்க வேண்டும். அன்று மகாமகக் குளத்தில் மூழ்கிக் கரையேறும் லட்சக்கணக்கானோர் பாவங்களை முழுவதுமாகக் கழித்தவர்கள். ஆய்வாளர் படித்துறையில் நிற்க வேண்டாம். அங்கே எல்லாரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். குளத்தின் நான்கு வீதிகளிலும் உள்ள ஓட்டல் வாசல்களில் கடிகாரத்தோடு நின்று, கடைசி முழுக்குக்கும் முதல் ரவா தோசைக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொண்டால் போதும்.